குருந்தத்தின் சமையல் குறிப்பு: சுவடுத் தனிமங்களை வைத்துக் கெம்பும் நீலமும் பிறந்த விதத்தைப் படிப்பது எப்படி

இலங்கையின் இரத்தினபுரிப் பக்கம் குழி வெட்டி எடுக்கும் சரளை மண்ணுக்கு ‘இல்லம்’ என்று பெயர். அதைக் கூடையில் அள்ளித் தண்ணீரில் சுழற்றிச் சுழற்றிக் கழுவுவார்கள். சேறு கரைந்து ஓடியதும் கனமான கற்கள் அடியில் தங்கும். அதில் ஒரு நீலக்கல் கிடைத்தால் சந்தோஷம்தான். ஆனால் அந்தக் கல் ஓர் அநாதை. அது பிறந்த பாறை என்றோ மக்கி மண்ணாகிவிட்டது. கல் மட்டும் கரையாமல், உடையாமல் ஆற்றோடு உருண்டு வந்து சேர்ந்திருக்கிறது.

அந்த அநாதையிடம் பூர்வீகத்தை விசாரிக்க ஒரு வழி உண்டு. கல்லுக்குள் பத்து லட்சத்தில் சில பங்கு, சில நூறு பங்கு என்று கலந்து கிடக்கும் இரும்பு, டைட்டானியம், மக்னீசியம், குரோமியம், வனேடியம், காலியம் ஆகியவற்றை எண்ணிப் பார்ப்பதுதான் அது. இவற்றைச் சுவடுத் தனிமங்கள் என்கிறோம். பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்பதுதான் ஒரு பிபிஎம்.

வியாபாரிகள் கேட்கும் முதல் கேள்வி, “இது எந்த நாட்டுக் கல்?” என்பது. வேதியியலிடம் அதை முதலில் கேட்கக் கூடாது. சுவடுத் தனிமங்கள் பாஸ்போர்ட் காட்டாது. எந்த அடுப்பில், என்ன சாமான் போட்டுச் சமைத்தார்கள் என்றுதான் சொல்லும். அதைக் கேட்டு முடித்த பிறகு நாட்டைப் பற்றிப் பேசலாம். கீழே உள்ள படிகளின் வரிசையும் அதுதான்.

முதல் படி: குருந்தம் எங்கே பிறக்க முடியும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

கெம்பு (மாணிக்கம்), நீலம், கனக புஷ்பராகம் மூன்றும் ஒரே கனிமம்: குருந்தம். வேதியியலில் வெறும் அலுமினியம் ஆக்சைடு. ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் ‘கொரண்டம்’ என்ற பெயரே நம் குருந்தத்திலிருந்து போனதுதான். சாணைக்கல் செய்ய அரக்கோடு சேர்த்துப் பிசைந்த அதே கல்தான், இன்று ஆய்வகத்தில் லேசருக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறது.

அலுமினியம் பூமியில் ஏராளம். ஆனால் குருந்தம் அரிது, காரணம் சிலிக்கா. சிலிக்கா பக்கத்தில் இருந்தால் அலுமினியம் அதோடு கைகோத்து ஃபெல்ஸ்பாராகவோ மைக்காவாகவோ மாறிவிடும். சிலிக்கா இல்லாத, அல்லது மிகக் குறைந்த இடத்தில்தான் அலுமினியம் தனியே ஆக்சிஜனோடு சேர்ந்து குருந்தமாகும். அப்படிப்பட்ட இடங்கள் சிலவே.

ஒன்று, சலவைக்கல். பழைய கடலடிச் சுண்ணாம்புப் படிவில் கொஞ்சம் களிமண்ணும் உப்பும் கரிமப் பொருளும் கலந்திருந்து, பிறகு கண்டங்கள் மோதும்போது அது 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் வெந்தால், களிமண்ணின் அலுமினியம் கெம்பாகும். மியான்மரின் மோகோக், வியட்நாமின் லுக் யென், பாகிஸ்தானின் ஹுன்ஸா எல்லாம் இந்த வகை. இரண்டு, இரும்பும் மக்னீசியமும் நிறைந்த ஆம்ஃபிபோலைட் போன்ற பாறை. மொசாம்பிக்கின் மொண்டேபுயெஸ் கெம்பு இங்கே சேரும். நம் நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியில் அனார்தோசைட் பாறைக்குள் இருக்கும் குருந்தத்தை இதன் பங்காளி எனலாம். (அந்த வட்டாரத்துப் பாறையை அரைத்துத்தான் இஸ்ரோ நிலவு மண்ணுக்கு மாதிரி செய்தது.) மூன்று, சிலிக்கா நிறைந்த பெக்மடைட் (பெரிய பெரிய படிகங்களாக உறையும் பாறைக்குழம்பு) சிலிக்கா இல்லாத பாறைக்குள் புகுந்து, தன் சிலிக்காவை அதற்குத் தாரைவார்த்துவிட்டு நிற்கும் இடம். 1880-களின் தொடக்கத்தில் காஷ்மீரின் பாடர் பகுதியில் வெளிப்பட்ட நீலம் இப்படிப் பிறந்தது. இலங்கையின் நடுப்பகுதியைப் போல மிக உயர்ந்த வெப்பத்தில் வெந்த கிரானுலைட் பாறைகளையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். கடைசியாக, ஆழத்தில் உறையும் சையனைட் (syenite) போன்ற காரத்தன்மையுள்ள பாறைக்குழம்பு. இதில் பிறந்த நீலத்தைப் பின்னாளில் பசால்ட் எரிமலை மேலே தூக்கிவரும். ஆஸ்திரேலியா, தாய்லாந்தின் சந்தபுரி, கம்போடியாவின் பைலின் ஆகிய இடங்களில் இந்த நீலங்கள் கிடைக்கின்றன.

இரண்டாம் படி: எந்தத் தனிமம் என்ன சாட்சி சொல்லும்

குருந்தத்தின் அணிவகுப்பில் அலுமினியத்தின் நாற்காலி மிகச் சின்னது. ஆரம் 0.535 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு). அதில் உட்கார வருகிறவர்கள் ஏறக்குறைய அதே அளவில் இருந்தால்தான் இடம் கிடைக்கும். டைட்டானியம் 0.605, குரோமியம் 0.615, காலியம் 0.62, வனேடியம் 0.64, மூன்று மின்சுமை கொண்ட இரும்பு 0.645, மக்னீசியம் 0.72. சுண்ணாம்புச் சத்தான கால்சியத்துக்கு உடம்பு பெரிது, அதனால் சலவைக்கல்லிலேயே பிறந்த கெம்பில்கூட அது நுழைவதில்லை. ஆய்வறிக்கையில் கால்சியம் எகிறினால் லேசர் ஏதோ வேற்றுத் துணுக்கின் மேல் பட்டிருக்கிறது என்று அர்த்தம்.

இந்தக் கூட்டத்தில் எனக்குப் பிடித்தவர் காலியம். நிறத்துக்கு ஒன்றும் செய்யாது, கடையில் யாரும் அதன் பெயரைக் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் அலுமினியம் போகும் இடமெல்லாம் நிழல்போலப் போகும். பாறைக்குழம்பு சுண்டச் சுண்ட மக்னீசியம் முதலிலேயே உறையும் கனிமங்களோடு வெளியேறிவிடும். காலியமோ கடைசிக் குழம்பில் அலுமினியத்தோடு தங்கிச் சேரும். ஆகவே சுண்டிய குழம்பில் பிறந்த நீலத்தில் காலியம் அதிகம், மக்னீசியம் குறைவு. சலவைக்கல், கிரானுலைட் போலச் சூட்டிலும் அழுத்தத்திலும் வெந்து மாறிய உருமாற்றப் பாறையில் சுற்றிலும் மக்னீசியம் தாராளமாக இருப்பதால் கணக்கு தலைகீழாகும்.

இரும்பு, சுற்றுப்புறப் பாறையில் எவ்வளவு இரும்பு இருந்தது என்று நேராகவே சொல்லிவிடும். குரோமியமும் வனேடியமும் கெம்பின் சிவப்புக்குக் காரணமானவை மட்டுமல்ல. சலவைக்கல் கெம்பில் அவை பழைய கடற்சேற்றிலிருந்து வந்தவை, மற்ற பாறைகளில் குரோமியம் பெரும்பாலும் ஆழத்து மக்னீசியப் பாறையின் கொடை.

மூன்றாம் படி: சரியாக அளப்பது

இன்று பெரும்பாலான ஆய்வகங்கள் நம்புவது லேசரும் பிளாஸ்மாவும் சேர்ந்த நிறைமானியை. லேசர் கல்லில் தலைமுடியின் தடிமன் அளவுக்கு, 50 மைக்ரான் சுமாருக்கு, ஒரு குழி போடும். கல்லின் இடுப்புப் பகுதியில் போட்டால் கண்ணுக்கே தெரியாது. பெயர்ந்த தூள் ஆர்கான் பிளாஸ்மாவில் அணு அணுவாகப் பிரிந்து நிறைவாரியாக எண்ணப்படும். எக்ஸ் கதிர் ஒளிர்வுக் கருவியும் உண்டு. கல்லில் குழி விழாது, செலவும் குறைவு. ஆனால் சில பத்து பிபிஎம் மக்னீசியம் அதன் கண்ணில் படாது, பெரிலியம் அறவே படாது. பிறப்பைப் பற்றிப் பேச மக்னீசியம் இல்லாமல் முடியாது என்பதால் நான் அதை முதற்கட்டச் சோதனைக்கு மட்டுமே வைத்துக்கொள்வேன்.

அளக்கும்போது மறக்கக் கூடாதவை: அலுமினியத்தை உள்ளளவுகோலாக, அதாவது மற்றத் தனிமங்களை ஒப்பிட்டுக் கணக்கிடும் அளவாக, வையுங்கள். தூய குருந்தத்தில் அது எடையில் 52.9 சதவீதம், கல்லுக்குக் கல் மாறாது. இரும்பை 56 என்ற நிறையில் அளக்காதீர்கள். ஆர்கானும் ஆக்சிஜனும் ஒட்டிக்கொண்டு அதே நிறையில் வந்து நிற்கும். 57-ல் அளக்கலாம். தரப்படுத்தக் கண்ணாடி மாதிரிகள் கிடைக்கும். ஆனால் கண்ணாடியும் குருந்தமும் லேசருக்கு ஒரே மாதிரி பெயர்வதில்லை என்பதால், சில ஆய்வகங்கள் குருந்தத்திலேயே தரமாதிரி செய்துவைத்திருக்கின்றன. கிடைத்தால் அதுவே நல்லது.

அப்புறம், லேசரால் எங்கே சுடுகிறோம் என்பது. குருந்தம் ஆறும்போது டைட்டானியம் பிரிந்து ரூட்டைல் என்ற கனிமத்தின் ஊசிகளாக உறையும். கடையில் ‘பட்டு’ என்பது இதைத்தான். பழகிய புதிதில் ஒரு பால்வண்ணக் கல்லைச் சுட்டுவிட்டு, டைட்டானியம் ஆயிரத்தைத் தாண்டியதைப் பார்த்துப் பெரிய கண்டுபிடிப்பு என்று துள்ளியிருக்கிறேன். பக்கத்திலேயே தெளிந்த இடத்தில் மறுபடி சுட்டபோது நூற்றுச் சொச்சம்தான். குழி விழ விழ நேரவாரியாக வரும் வரைபடத்தைப் பாருங்கள். கோடு சமமாக ஓடினால் கல்லின் சொந்த அளவு. நடுவில் ஊசிபோல எழும்பினால் உள்ளே ஏதோ துணுக்கு. அந்தப் பகுதியை வெட்டிவிட்டுக் கணக்கிடுங்கள். ஒரு கல்லுக்கு மூன்று புள்ளியாவது வேண்டும். நிறப்பட்டைகள் இருந்தால் பட்டைக்கு ஒன்று.

நான்காம் படி: எடையை அணு எண்ணிக்கையாக மாற்றுங்கள்

பலரும் தாண்டிப்போகும் படி இது. நிறம் எடையைப் பார்த்து வருவதில்லை, தலைகளை எண்ணித்தான் வருகிறது. ஒரு மக்னீசியம் அணு ஒரு டைட்டானியம் அணுவில் பாதி எடைதான். ஆகவே ஒரே பிபிஎம் எடையில் மக்னீசியத்தின் தலைகள் இரு மடங்கு.

குருந்தத்தில் ஓர் அணுவின் சராசரி எடை 20.39. இதைத் தனிமத்தின் அணு எடையால் வகுத்து எடை பிபிஎம்மோடு பெருக்கினால் அணு பிபிஎம் கிடைக்கும். மக்னீசியத்துக்குப் பெருக்கெண் 0.839, டைட்டானியத்துக்கு 0.426, இரும்புக்கு 0.365, குரோமியத்துக்கு 0.392, காலியத்துக்கு 0.292.

கணக்குக்காக ஒரு கல்லை எடுத்துக்கொள்வோம். பாதி மஞ்சள், பாதி நீலம். இலங்கையில் அப்படிக் கிடைப்பதுண்டு. மஞ்சள் பக்கம் சுட்டால் எடைக்கணக்கில் இரும்பு 900, டைட்டானியம் 110, மக்னீசியம் 70 என்று வைத்துக்கொள்ளுங்கள். டைட்டானியம்தானே அதிகம், நீலம் வர வேண்டுமே என்று தோன்றும். தலைகளை எண்ணுங்கள்: டைட்டானியம் 110 × 0.426 = 46.9, மக்னீசியம் 70 × 0.839 = 58.7. மக்னீசியம்தான் கூட்டம்.

இது ஏன் முக்கியம்? நான்கு மின்சுமை கொண்ட டைட்டானியமும் இரண்டு மின்சுமை கொண்ட மக்னீசியமும் சேர்ந்தால் மூன்று மின்சுமை அலுமினியம் இரண்டுக்குச் சரியாக ஈடாகும். அதனால் அவை முதலில் தங்களுக்குள் ஜோடி சேர்ந்துவிடும். அந்த ஜோடிக்கு நிறம் இல்லை. மிஞ்சிய டைட்டானியம்தான் இரும்போடு சேர்ந்து நீலம் தரும். மிஞ்சுவது மக்னீசியமாக இருந்தால், ஆக்சிஜன் நிறைந்த சூழலில், இரும்போடு மஞ்சளும் குரோமியத்தோடு ஆரஞ்சும் பிறக்கும். இந்தக் கணக்கை ஒழுங்குபடுத்தியவர்களில் முக்கியமானவர் ஜான் எம்மெட் என்ற அமெரிக்க இயற்பியலாளர்.

இப்போது அதே கல்லின் நீலப் பக்கம். மற்றவை அப்படியே, டைட்டானியம் மட்டும் 180. தலைக்கணக்கு 76.7. மக்னீசியத்தின் 58.7 போக மிச்சம் 18. அந்தப் பதினெட்டுத் தலைகள் இரும்போடு சேர்ந்ததுதான் நாம் காசு கொடுத்து வாங்கும் நீலம். கல் வளர்ந்துகொண்டிருக்கும்போது சுற்றியிருந்த திரவத்தில் டைட்டானியம் கொஞ்சம் கூடியிருக்கிறது. அவ்வளவுதான் நடந்தது.

சிலிக்கானும் டைட்டானியத்தைப்போல மக்னீசியத்தோடு ஜோடி சேரக்கூடியது. ஆனால் இந்தக் கருவியில் அதை நம்பி அளப்பது கஷ்டம். கணக்கும் கண்ணும் ஒத்துப்போகாத கல் வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அதைத்தான்.

ஐந்தாம் படி: நீலத்துக்கு அடுப்பைக் கண்டுபிடிப்பது

2007-ல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் முன்வைத்த காலியம்–மக்னீசியம் விகிதம் இன்றும் முதல் சல்லடை. இதற்கு எடைக்கணக்கே போதும், அவர்கள் எல்லைகளும் எடையில்தான் உள்ளன. உருமாற்றப் பாறை நீலத்தில் சராசரியாக இரும்பு 3000 பிபிஎம்முக்குக் கீழ், காலியம் 75-க்குக் கீழ், மக்னீசியம் 60-க்கு மேல். காலியத்தை மக்னீசியத்தால் வகுத்தால் 10-க்குள் வரும். பசால்ட்டில் வந்த பாறைக்குழம்பு நீலத்தில் இரும்பு 2000 முதல் 11000 வரை, காலியம் 140-க்கு மேல், மக்னீசியம் பொதுவாக 20-க்குக் கீழ். விகிதம் 10-ஐத் தாண்டும்.

இரும்பில் இரண்டு எல்லைகளும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்பதைக் கவனியுங்கள். தனி எண்ணை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பதற்கு அதுவே சான்று. நாம் எடுத்த கல்லில் காலியம் 60 என்று வைத்தால் விகிதம் 0.86. சந்தேகமே இல்லாமல் உருமாற்றம்.

ஆறாம் படி: கெம்புக்கு வேறு கேள்வி

கெம்பில் முதலில் இரும்பைப் பாருங்கள். சலவைக்கல் கெம்பில் அது பெரும்பாலும் சில நூறு பிபிஎம்முக்குள் அடங்கும், வனேடியம் கணிசமாக இருக்கும். ஆம்ஃபிபோலைட் வகையில் இரும்பு கூடும், தாய்லாந்து–கம்போடியா பசால்ட் கெம்பில் ஆயிரங்களில் போகும். பிரெஞ்சு நிலவியலாளர் காஸ்தோன் ஜூலியானி குழுவினர் ஒரு பக்கம் குரோமியம், மக்னீசியம், வனேடியத்தையும் மறுபக்கம் டைட்டானியம், காலியத்தையும் எதிரெதிரே வைத்து, இரும்பையும் சேர்த்து வரைந்த வரைபடம் இங்கே உதவும்.

இதன் ஒரு பகுதியை வீட்டிலேயே பார்க்கலாம். இருட்டறையில் புற ஊதா டார்ச்சை அடியுங்கள். மோகோக் கெம்பு அடுப்புக் கங்குபோலச் சிவந்து ஒளிரும், தாய்லாந்துக் கெம்பு மங்கிக் கிடக்கும். குரோமியம் 694 நானோமீட்டரில் வெளிவிடும் சிவப்பு ஒளியை இரும்பு அணைத்துவிடுவதுதான் காரணம். பர்மா கெம்புக்கு உள்ளே தீ எரிகிறது என்று வியாபாரிகள் சொல்வது வெறும் பேச்சில்லை. ஆனால் இதை வைத்துக் கல் வாங்கிவிடாதீர்கள். எல்லாவற்றையும்விட நன்றாக ஒளிர்வது செயற்கைக் கெம்பு. அதில் பெரும்பாலும் இரும்பே கிடையாது.

ஏழாம் படி: செயற்கையும் கைவேலையும் கழிக்க

ஒழுங்காகச் சொன்னால் இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும். ஆனால் காலியத்தின் குணம் தெரிந்த பிறகுதான் இது விளங்கும். 1902-ல் பிரெஞ்சு வேதியியலாளர் ஓகுஸ்த் வெர்னேய் அறிவித்த, சுடரில் உருக்கும் முறையில் கெம்பு செய்யச் சுத்திகரித்த அலுமினா (அலுமினியம் ஆக்சைடு) பொடியைப் பயன்படுத்துவார்கள். சுத்திகரிப்பில் காலியம் போய்விடும். ஆகவே குரோமியம் ஆயிரக்கணக்கில் இருந்து காலியம் மட்டும் தேடினாலும் கிடைக்காத கெம்பைச் சந்தேகப்படுங்கள். உருகிய உப்பில் வளர்த்த சில செயற்கைக் கற்களில் பிளாட்டினமோ லாந்தனமோ காட்டிக்கொடுக்கும்.

சாதாரணமாகச் சூடேற்றிய கல்லை இந்த எண்கள் காட்டிக்கொடுக்காது. இலங்கையின் பால்நிறக் ‘கெவுட’ கற்களை 1970-களிலிருந்து தாய்லாந்து வியாபாரிகள் சூடேற்றி நீலமாக்கினார்கள் அல்லவா? அங்கே வெளியிலிருந்து எதுவும் சேரவில்லை. பட்டாகக் கிடந்த டைட்டானியம் கரைந்து கல்லுக்குள் பரவியது, இரும்பின் மின்சுமை மாறியது, அவ்வளவுதான். மொத்த அளவு அதேதான். சூடேற்றியதைக் கண்டுபிடிக்க நுண்ணோக்கியும் அகச்சிவப்பு நிறமாலையும் வேண்டும்.

பெரிலியம் வேறு கதை. 2001 கடைசியில் சந்தபுரியிலிருந்து ஆரஞ்சு நிறக் கற்கள் மூட்டை மூட்டையாக வந்தபோது ரத்தின உலகம் குழம்பிப் போனது. பெரிலியத்தை உயர் வெப்பத்தில் கல்லுக்குள் ஊடுருவ விட்டிருந்தார்கள் என்பது 2002-ல் தெளிவானது. அது மக்னீசியம் மிஞ்சியதுபோல நடித்து மஞ்சளையும் ஆரஞ்சையும் தரும். சில பிபிஎம் போதும். ஆனால் பெரிலியத்தைக் கண்டவுடன் குற்றம் சாட்ட வேண்டாம். இயற்கையாகவே சில கற்களின் மேகமூட்டமான பகுதிகளில் அது இருக்கும். அப்போது கூடவே நியோபியமும் டான்டாலமும் ஏறி இறங்கும். அவை இல்லாமல் பெரிலியம் மட்டும் நின்றால் மனிதக் கைவேலை.

எட்டாம் படி: நாட்டின் பெயரைக் கடைசியில், பயந்துகொண்டே எழுதுங்கள்

அடுப்பு தெரிந்ததும் நாடு தெரிந்துவிட்டது என்று நினைப்பது சகஜம். 1998-ல் மடகாஸ்கரின் இலகாகாவில் நீலம் கிடைக்கத் தொடங்கியதும் அந்த நிம்மதி போயிற்று. அதன் எண்கள் இலங்கைக் கல்லின் எண்களோடு பின்னிக் கிடந்தன. ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் கோண்டுவானா என்ற பழங்காலப் பெருங்கண்டம் ஒட்டிச் சேர்ந்தபோது இலங்கையும் மடகாஸ்கரும் தென்னிந்தியாவும் அக்கம்பக்கத்து வீடுகள். ஒரே அடுப்பில் வெந்த சோறு இரண்டு தட்டில் இருக்கிறது. காஷ்மீர்க் கல்லும் இதே எண்களின் கூட்டத்துக்குள்தான் பெரும்பாலும் விழுகிறது. விலையோ பல மடங்கு வித்தியாசம். இங்கே உள்ளே சிக்கிய துணுக்குகள், நிறப்பட்டைகளின் அமைப்பு, உறிஞ்சு நிறமாலை எல்லாம் சேர்ந்துதான் பேச வேண்டும்.

இன்னொரு பொறி, அமெரிக்காவின் மொன்டானாவில் உள்ள யோகோ நீலம். பாறைக்குழம்பு உறைந்த லாம்ப்ரோஃபயர் பாறையிலேயே பதிந்து கிடைக்கிறது. கண்ணால் பார்த்தால் பாறைக்குழம்புக் கல். எண்களைப் பார்த்தால் காலியம் குறைவு, மக்னீசியம் அதிகம், உருமாற்றக் கல் மாதிரி. குழம்பு அதைப் பெற்றெடுக்கவில்லை, தூக்கிக்கொண்டு மட்டும் வந்தது. ஆழத்தில் இருந்த அலுமினியம் நிறைந்த வேறொரு பாறை அந்தச் சூட்டில் பாதி உருகியபோது நீலம் அங்கே உருவாகியிருக்கலாம் என்பது இப்போது வலுவாக உள்ள விளக்கம். பசால்ட் வயல்களிலும் இப்படி வேறு வயிற்றுப் பிள்ளைகள் கலந்தே கிடைக்கும். பசால்ட்டில் வந்தது என்பதாலேயே ஒரு கல்லைப் பாறைக்குழம்புக் கணக்கில் எழுதிவிடாதீர்கள். கல் எந்த வண்டியில் வந்தது என்பதை ஒரு வரியிலும், எங்கே வெந்தது என்பதை அடுத்த வரியிலும் தனித்தனியாக எழுதுங்கள்.

அறிக்கையில் ஒவ்வொரு புள்ளியின் எண்ணையும் அது விழுந்த இடத்தின் படத்தோடு கொடுங்கள். மூன்று புள்ளிகளின் சராசரியை மட்டும் கொடுத்தால், அந்த மஞ்சளும் நீலமும் கலந்த கல் எங்குமே இல்லாத ஒரு மூன்றாவது கல்லாகிவிடும். எண்கள் இரண்டு நாடுகளுக்கும் பொருந்தினால் “உருமாற்ற வகை, இலங்கை அல்லது மடகாஸ்கர்” என்றே எழுதுங்கள். கல்லின் சொந்தக்காரர் முகம் சுளிப்பார். பரவாயில்லை.